பெயர் சொல்லாமல் ஒரு டியூஷன் ரிவ்யூ: திருச்சியில் பிசிகல் கெமிஸ்ட்ரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ரிவ்யூவில் டியூஷன் எடுக்கும் மேடத்தின் பெயரும் இருக்காது, போன் நம்பரும் இருக்காது. எழுதட்டுமா என்று கேட்டேன். "என்ன வேணா எழுதிக்கோ, பேரைப் போட்டுடாதம்மா. இருக்கற ஆளுங்களுக்கே ஹால்ல பாய் பத்தலை" என்றார். திருவானைக்கோவில் பக்கம் வீடு. கல்லூரியில் பிசிகல் கெமிஸ்ட்ரி நடத்தி ரிட்டயர் ஆனவர். இதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

அப்புறம் எதற்கு ரிவ்யூ? நீட்டுக்கு என்றால் தில்லைநகரில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் கோச்சிங் சென்டர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளை "ஒரே ஒரு பேப்பர்தான் புரியலை, யாராவது சொல்லிக் கொடுங்க" என்று கேட்டால் ஆள் கிடையாது. எங்களை வைத்து யாரும் ஃபிளெக்ஸ் அடிக்க முடியாதே. அதனால் நான் எங்கெங்கே தேடினேன், எது காசுக்குத் தகுந்தது, எது இல்லை என்று எழுதிவைக்கிறேன். உங்கள் ஊரில் இதே மாதிரி ஓர் ஆளைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்றாவது தெரியும்.

என் நிலவரம் இது. லால்குடி பக்கம் ஊர். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பிளஸ் ஒன்னில் பியூர் சயின்ஸ் குரூப். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்குக்குப் பத்தாம் வகுப்போடு கும்பிடு போட்டாயிற்று. என் வகுப்பில் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள்தான். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை எழுதி எழுதிப் பழகலாம். இன்ஆர்கானிக்கை மனப்பாடம் செய்யலாம். பிசிகலில் தெர்மோடைனமிக்ஸ் என்று ஆரம்பித்த முதல் வாரமே போர்டில் வளைந்த டி ஒன்று வந்து உட்கார்ந்தது. அது என்ன எழுத்து என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. அலைடு கணக்கு பேப்பர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் அந்த டி வரும் வகைக்கெழு பாடம் வருவதற்குள் இங்கே கார்னோ சுழற்சியே முடிந்துவிட்டது.

தேர்வு 75 மார்க். இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. 30 வாங்கினால் பாஸ். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் தேடுவது அந்த 30-ஆ, இல்லை பாடமா என்பதைப் பொறுத்துத்தான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

ஜெராக்ஸ் கடை நோட்ஸில் தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் எந்தப் பல்கலைக்கழகத்து எந்த செமஸ்டருக்கும் ஸ்பைரல் போட்ட நோட்ஸ் கிடைக்கும். நூறு ரூபாய்க்குள். யாரோ ஒரு சீனியர் அக்கா அழகான கையெழுத்தில் எழுதியது, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து மைனஸ் குறியெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். டெல்டா ஜி என்பது டெல்டா எச் கழித்தல் டி டெல்டா எஸ். நான் வாங்கியதில் அந்தக் கழித்தலைக் காணோம். இரண்டு மார்க் வரையறைகளுக்கு மட்டும் இந்த நோட்ஸ் போதும்.

அடுத்தது டியூஷன் சென்டர். பெரிய சென்டர், ஏசி ஹால், நீட் பிள்ளைகள் போன பிறகு சாயங்காலம் எங்களுக்கு ஒரு பேட்ச். செமஸ்டருக்கு ஆறாயிரம், முன்பணமாக மொத்தமும் கட்ட வேண்டும். நடத்திய சார் நல்லவர், வேகமானவர். போர்டின் இடது மூலையில் ஆரம்பித்து வலது மூலையில் "ஹென்ஸ் ப்ரூவ்டு" போடும்வரை திரும்பியே பார்க்க மாட்டார். நாங்கள் எழுதுவோம். அவர் தரும் கொஸ்டின் பேங்கில் பத்து மார்க் டெரிவேஷன்கள் இருக்கும். கார்னோ, கிப்ஸ்–ஹெல்ம்ஹோல்ட்ஸ், கிளாசியஸ்–கிளாபிரான் என்று வழக்கமாகக் கேட்பவை. அதை அப்படியே உருப்போட்டால் 30 தாண்டும், பொய் சொல்லக் கூடாது. என் வகுப்பில் அங்கே போய் அரியரை முடித்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கல்யாணம் பேசிவைத்து, டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் கையில் வந்தால் போதும் என்ற நிலையில் இருக்கும் பெண்ணிடம் போய் "புரிந்து படி" என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. அவளுக்கு அந்த சென்டர் சரி.

எனக்கு அது ஆகவில்லை. எம்.எஸ்சி.க்கு ஜாம் எழுத வேண்டும் என்ற ஆசை. ஐஐடிகளுக்கும் பெங்களூர் ஐஐஎஸ்சிக்கும் அந்தத் தேர்வுதான் வாசல். நம்ம துவாக்குடி என்ஐடியில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கும் அதே ஸ்கோர்தான் கேட்கிறார்கள். ஜாமில் 60 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். அதில் 20 கேள்விக்கு ஆப்ஷனே கிடையாது, விடையை எண்ணாகவே டைப் செய்ய வேண்டும். உருப்போட்ட டெரிவேஷனை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சென்டர் சாரிடம் ஒரு தடவை, "சார், இந்த ஸ்டெப்புல லாக் எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டேன். "இன்டக்ரேட் பண்ணா வரும்மா, எழுதிக்கோ" என்றார்.

போனில் காசு கட்டி விடை வாங்கும் ஆப்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஹாஸ்டல் பிள்ளைகள் பலர் சேர்ந்து ஒரு அக்கவுன்ட் வைத்திருக்கிறார்கள். கேள்வியைப் போட்டோ எடுத்துப் போட்டால் ஸ்டெப் ஸ்டெப்பாக விடை வரும். அசைன்மென்ட் ராத்திரிக்கு அது தெய்வம். எனக்கு அதில் வந்த தொல்லை வேறு மாதிரி. ஓர் இலட்சிய வாயு, 2 மோல், 300 கெல்வினில் வெப்பநிலை மாறாமல், மீள்முறையில் 10 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு விரிகிறது, வேலை எவ்வளவு என்று ஒரு கணக்கு. ஆப் சொன்ன விடை மைனஸ் 3,457 ஜூல். சென்டர் நோட்டில் ப்ளஸ் 3,457 ஜூல். ஏஐ சாட்பாட்டிடம் கேட்டேன், மைனஸ் என்றது. "எங்க நோட்ஸ்ல ப்ளஸ்னு இருக்கே" என்றதும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ப்ளஸ் என்றது. கேட்டவள் பக்கமெல்லாம் சாய்கிற ஆசிரியரை நான் அதுவரை பார்த்ததில்லை.

உண்மையில் இரண்டுமே சரி. பழைய புத்தகங்கள் வாயு செய்யும் வேலையை ப்ளஸ் என்று வைத்து, உள்ளாற்றல் மாற்றம் என்பது வெப்பம் கழித்தல் வேலை என்று எழுதும். இப்போதைய ஐயுபேக் (சர்வதேச வேதியியல் சங்கம்) வழக்கில் வாயுவின் மேல் செய்யப்படும் வேலைதான் ப்ளஸ், அதனால் வெப்பம் கூட்டல் வேலை. எந்த வழக்கு என்று முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு அதுவரை ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு இடத்திலிருந்து உதவி எடுத்தால் இரண்டு வழக்கும் கலந்து, நடுக் கணக்கில் குறி மாறிவிடும். இந்த பேப்பருக்கு உதவி தேடுபவர்களுக்கு இது தனி ஆபத்து.

என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புகள் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-இல் தொடங்கியது. வீடியோ எல்லாம் இலவசம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் பதிவு செய்து சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு வார கோர்ஸில் வாராவாரம் அசைன்மென்ட், அதில் சிறந்த எட்டைக் கணக்கில் எடுத்து 25-க்கு, நேரில் போய் எழுதும் தேர்வு 75-க்கு. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 இருந்தால் சர்ட்டிபிகேட். எங்கள் கல்லூரி இன்டர்னல் எக்ஸ்டர்னல் மாதிரியே இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சில கோர்ஸ்களுக்குத் தமிழில் எழுத்து வடிவமும் உண்டு, தேடிப் பாருங்கள். ஆனால் கெமிக்கல் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும் பேராசிரியர் எதிரில் இருப்பவருக்குக் கால்குலஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுவார். அது அவர் குற்றமில்லை, அந்த வகுப்பு அப்படிப்பட்டவர்களுக்கானது. எனக்கு இரண்டாவது வீடியோவிலேயே மூச்சு முட்டியது. மேடத்திடம் நாலு மாதம் போன பிறகு அதே வீடியோவைப் போட்டேன், சினிமா மாதிரி ஓடியது. லிப்ரெடெக்ஸ்ட்ஸ் என்ற இணையதளமும் அப்படித்தான். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2008-இல் கெம்விக்கி என்று ஆரம்பித்தது, முழுப் புத்தகங்களும் தீர்த்துக் காட்டிய கணக்குகளும் சும்மாவே கிடைக்கும். அடிப்படை வந்த பிறகு போக வேண்டிய இடங்கள் இவை.

அந்த அடிப்படைக்குத்தான் மேடம்.

கண்டுபிடித்த கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும். எந்த வலைத்தளத்திலும் அவர் இல்லை, வாசலில் போர்டு இல்லை. எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் சொன்னார். பியூரெட் கழுவிக்கொண்டே தோழியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "பிசிகலுக்கா? திருவானைக்கோவில்ல ஒரு மேடம் இருக்காங்களே, நான் வேலைக்குச் சேந்தப்ப இங்க ப்ராக்டிகலுக்கு எக்ஸ்டர்னலா வருவாங்க" என்றார். எந்த ஊரிலும் ரிட்டயர் ஆன பேராசிரியர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், யாருக்குக் கோபம் வரும், யார் காசு வாங்க மாட்டார்கள் என்பதெல்லாம் டிபார்ட்மென்டில் லேப் அட்டெண்டருக்குத்தான் தெரியும். கூகுளில் தேடுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள்.

எனக்கு இன்னொரு வசதி, ஊருக்குப் போகும் வழியிலேயே இறங்கலாம். சத்திரத்தில் லால்குடி டவுன் பஸ் பிடித்தால் காவிரிப் பாலம் தாண்டித் திருவானைக்கோவில், டியூஷன் முடிந்து மறுபடி ஏறினால் கொள்ளிடம், டோல்கேட், ஊர். அரசு டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை. அவசரப்பட்டுத் தனியார் டவுன் பஸ்ஸில் ஏறினால்தான் காசு. ஃபீஸ் மாதம் 1,200. புதுமைப் பெண் திட்டத்தில் மாசாமாசம் வருகிற ஆயிரம் அப்படியே இதற்குப் போகும், மீதி இருநூறுதான் அம்மாவிடம் கேட்பது. வாரத்தில் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம். சேரும்போது பயோடேட்டா மாதிரி எதுவும் கேட்கவில்லை. "பிளஸ் டூல மேத்ஸ் இருந்துச்சா?" அது மட்டும்தான் கேள்வி. இல்லை என்றேன். "சரி, முதல் மாசம் கெமிஸ்ட்ரி கிடையாது" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் கெமிஸ்ட்ரி இல்லாத கெமிஸ்ட்ரி டியூஷனா?

முதல் வகுப்பில் மேடம் கேட்டது, "2.303 எங்கேருந்து வந்துச்சு?" ஹாலில் ஆறேழு பேர் இருந்தோம். பிளஸ் ஒன்னில் வெப்ப இயக்கவியல், பிளஸ் டூவில் வேதிவினை வேகவியல், இரண்டிலும் ஃபார்முலாவின் தலையில் 2.303 என்று போட்டு எத்தனையோ கணக்கு செய்திருக்கிறோம். அது என்ன எண் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் "கான்ஸ்டன்ட் மேடம்" என்றான். "யாரு வச்ச கான்ஸ்டன்ட்?" என்றார். பதில் இல்லை.

ஆளுக்கு ஒரு கிராஃப் ஷீட் கொடுத்தார். எக்ஸ் அச்சில் 1 முதல் 2 வரை பத்து சென்டிமீட்டர், ஒய் அச்சில் பூஜ்யத்திலிருந்து 1 வரை பத்து சென்டிமீட்டர். 1-ஐ எக்ஸால் வகுத்தால் என்ன வருகிறதோ அதைப் புள்ளி வைத்து வளைகோடு வரையச் சொன்னார். 1-க்கு 1, 1.25-க்கு 0.8, 1.6-க்கு 0.625, 2-க்கு 0.5. கோட்டுக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் கட்டம் இருக்கிறது என்று எண்ணச் சொன்னார். எல்.கே.ஜி. பிள்ளைகள் மாதிரி பென்சிலால் டிக் போட்டு எண்ணினோம். அரைக் கட்டம், கால் கட்டமெல்லாம் சேர்த்து எனக்கு 69-ம் கொஞ்சமும் வந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு 70. மொத்தச் சதுரம் நூறு கட்டம், அதில் 69.3 என்றால் பரப்பு 0.693.

"இந்த நம்பரை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

முதல் வகை வினையின் அரை ஆயுள்! 0.693-ஐ வினை வேக மாறிலி கே-ஆல் வகுக்க வேண்டும். பிளஸ் டூவில் எத்தனை தடவை எழுதியிருப்போம். அந்த எண் என் கிராஃப் ஷீட்டில், என் பென்சில் டிக்குகளுக்குள் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, மிகைப்படுத்தவில்லை.

பிறகு மேடம் பத்து வரை போகச் சொன்னார். அளவை மாற்றி, ஷீட்டைக் குறுக்கே திருப்பி, 1 முதல் 10 வரை. பரப்பு 2.3-க்குப் பக்கத்தில் வந்தது. சரியாகச் சொன்னால் 2.303. இயல் மடக்கையில் (நேச்சுரல் லாக்) பத்தின் மதிப்பு அது. அந்தக் காலத்தில் கையில் இருந்த லாக் புத்தகம் பத்தை அடிமானமாக வைத்தது. இயற்கையில் வரும் கணக்கோ இந்தப் பரப்பு வழியாக வருவது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற 2.303-ஆல் பெருக்கி, அதை ஃபார்முலாவுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். இப்போது கால்குலேட்டரில் இரண்டு பட்டனும் இருக்கிறது. "லாக் டேபிள் போயிடுச்சு, தையல் மட்டும் இருக்கு" என்றார் மேடம். ஜாம் தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டரிலும் இரண்டு பட்டனும் உண்டு, எதை அமுக்க வேண்டும் என்று இப்போது எனக்குக் குழப்பம் வருவதில்லை.

அடுத்த வாரம் அதே கிராஃபில் எக்ஸ் அச்சின் பெயரை அடித்துவிட்டுக் கன அளவு என்று எழுதினார், ஒய் அச்சில் அழுத்தம். வெப்பநிலை மாறாத இலட்சிய வாயுவில் அழுத்தம் என்பது என்.ஆர்.டி.-யை (மோல், ஆர் என்ற வாயு மாறிலி, வெப்பநிலை மூன்றின் பெருக்கல்) கன அளவால் வகுத்தது, அதாவது அதே வளைகோடு. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் வேலை. 10 லிட்டர் 20 ஆனாலும், 20 லிட்டர் 40 ஆனாலும் இரட்டிப்புதான், பரப்பு அதே 0.693. இரண்டு மோல், 8.314, முந்நூறு கெல்வின், அதோடு 0.693. பெருக்கினால் 3,457 ஜூல். ஆப்பில் பார்த்த அதே எண், எங்கே இருந்து வந்தது என்று தெரிந்து வந்தது. குறி? "கேஸ் தள்ளுது, தன் கையிலேருந்து செலவு பண்ணுது. கேஸ் பக்கத்துல நின்னு பாத்தா செலவு மைனஸ். முதல் வரியில இதை எழுதிடு, எந்த எக்ஸாமினரும் உன்னைத் தொட முடியாது." டியூஷன் சென்டரில் நான் கேட்ட அந்த லாக் கேள்விக்கு விடையும் இதிலேயே இருந்தது.

இதற்கப்புறம் 0.0591 வந்தது. மின்வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் இதுவும் ஒரு "கான்ஸ்டன்ட்" என்றுதான் படித்திருந்தோம். மேடம் வாயே திறக்கவில்லை. 2.303, 8.314, 298, கீழே 96,485 என்று போர்டில் நான்கு எண்ணை எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. மேலே உள்ள மூன்றையும் பெருக்கிக் கீழே உள்ளதால் வகுத்தால் 0.0591 என்று, திரும்பி வருவதற்குள் நாங்களே கண்டுபிடித்துவிட்டோம்.

அவருடைய வழக்கங்கள் சில வினோதமானவை. ஒவ்வொரு வரியிலும் யூனிட் எழுத வேண்டும், எழுதாத வரிக்கு மேல் படிக்கவே மாட்டார், நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆர் மதிப்பை ஒரு தடவை 8.314 என்று போட்டால் மறு தடவை 0.0821 போட்டுச் செய்யச் சொல்வார். மேலே சொன்ன கணக்கில் 34.1 லிட்டர்-அட்மாஸ்பியர் வரும், 101.3-ஆல் பெருக்கினால் ஒன்றிரண்டு ஜூல் வித்தியாசத்தில் பழைய விடையே. இப்படிச் செய்து செய்து ஆர் மதிப்பில் ஏமாறுவது எனக்கு நின்றுபோனது. "டவுட் இருக்கா?" என்று கேட்கவே மாட்டார். "எந்த வரியில நின்னே?" என்றுதான் கேட்பார். வரியைக் காட்டாவிட்டால் பதில் கிடையாது. முதலில் எரிச்சலாக இருக்கும். வரியைத் தேடிக்கொண்டு போகும்போதே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதால், பிறகு அவரிடம் கேட்பதே குறைந்துவிடும். இந்தப் பழக்கத்தை நான் சாட்பாட்டிலும் வைத்துக்கொண்டேன். விடை கேட்பதில்லை. நான் செய்த கணக்கை முழுதாகப் போட்டு எந்த வரி தப்பு என்று மட்டும் கேட்பேன், அதையும் கையால் சரிபார்ப்பேன். அந்த வேலைக்கு அது பரவாயில்லை.

வளைந்த டி-க்கு வருவோம். பகுதி வகைக்கெழு. அடைப்புக்குறி போட்டு, அதன் காலடியில் சின்னதாக டி என்றும் பி என்றும் எழுதியிருக்குமே, அதுதான் எங்களைக் கொன்றது. மேடம் மலைக்கோட்டையைக் கொண்டுவந்தார். படியில் ஒரே இடத்தில் நிற்கிறாய், உச்சிப்பிள்ளையார் பக்கம் பார்த்து ஓரடி வைத்தால் செங்குத்து, பக்கவாட்டில் சுற்றி ஓரடி வைத்தால் சமம். நிற்கும் இடம் ஒன்று, சரிவு இரண்டு. எந்தப் பக்கம் நடந்தாய் என்று சொல்லாமல் சரிவு எவ்வளவு என்று கேட்டால் அர்த்தமே இல்லை. காலடியில் எழுதுகிற அந்தச் சின்ன எழுத்து, எதை மாற்றாமல் நடந்தாய் என்பதைச் சொல்கிறது. மாறாத அழுத்தத்தில் வெப்ப ஏற்புத்திறன் ஒன்று, மாறாத கன அளவில் வேறொன்று என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது. இந்த வளைந்த டி-க்களை ஒன்றோடொன்று சேர்க்கும் மேக்ஸ்வெல் தொடர்புகள் நான்கையும் இன்னும் வருவித்துத்தான் எழுதுகிறேன், மனப்பாடம் செய்யவில்லை. தேர்வில் அது இரண்டு நிமிடம் கூடுதலாக எடுக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது ரிவ்யூ இல்லை, பாராட்டுப் பத்திரம்.

நோட்ஸ் தர மாட்டார். ஒரு பக்கம்கூடத் தர மாட்டார். தேர்வுக்கு முந்தின வாரம் புரட்டிப் பார்க்க உங்கள் கையெழுத்துதான் இருக்கும், அது கோழிக் கிறுக்கலாக இருந்தால் உங்கள் பாடு. கொஸ்டின் பேங்க் கிடையாது, "இம்பார்ட்டன்ட் எது மேடம்" என்று கேட்ட பையனை அவர் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. வேகம் மிகக் குறைவு. முதல் மாதம் முழுக்க கிராஃப் ஷீட்டும் மடக்கையும் என்றால், செமஸ்டர் நடுவில் போய்ச் சேர்பவர்களுக்கு சிலபஸ் முடியாது. எனக்கே அந்த செமஸ்டரில் கடைசி யூனிட்டை அவர் தொடவில்லை, கல்லூரி வகுப்பை நம்பித்தான் எழுதினேன். குவான்டம், ஸ்பெக்ட்ராஸ்கோபி கேட்டால் நடத்துவார், ஆனால் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும்போது இருக்கிற உற்சாகம் இருக்காது. ஆர்கானிக் பக்கமே வர மாட்டார், "அது சமையல்" என்பார். ஆர்கானிக் பிடித்த என் தோழிக்கு அதில் பெரிய கோபம்.

ஐந்தரை என்றால் ஐந்தரை. ஐந்தே முக்காலுக்குப் போனால் கேட் பூட்டியிருக்கும். பஸ் காவிரிப் பாலத்தில் மாட்டிக்கொண்டது என்பதெல்லாம் காரணமே இல்லை, "முந்தின பஸ்ல வரணும்" என்று உள்ளே இருந்தே குரல் வரும். தரையில் பாய் போட்டுத்தான் உட்கார வேண்டும், ஒன்றரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். ஆறு மணிக்கு மேல் கொசு. ஒரு கொசுவத்திச் சுருள் வைப்பார், அது எங்களுக்குத்தான் இருமல் தரும்.

யாருக்கு ஒத்துவராது என்பதும் தெளிவு. அடுத்த மாதம் அரியர் தேர்வு, 30 எடுத்தால் போதும் என்றால் மேடத்திடம் போகாதீர்கள், அவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார், நேராகவே சொல்லி அனுப்பிவிடுவார். பிளஸ் டூவில் கணக்கு படித்து வந்தவர்களுக்கு முதல் மாதம் கொஞ்சம் அலுப்பாக இருக்கும். அவர்களுக்கு என்பிடெல்லும் நல்ல கணக்குப் புத்தகம் ஒன்றும் போதும் என்பது என் எண்ணம், ஆனால் எங்கள் பேட்ச்சில் இருந்த மேத்ஸ் குரூப் பெண் ஒருத்தி, கட்டம் எண்ணிய அன்றைக்கு எங்களைவிட அதிகமாக ஆச்சரியப்பட்டாள். அவளுக்கு இன்டக்ரேஷன் செய்யத் தெரியும், அது ஒரு பரப்பு என்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். பியூர் சயின்ஸ் குரூப்பிலிருந்து வந்து, முழு செமஸ்டர் கையில் இருந்தால், யோசிக்காமல் போகலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடும்போது கெமிஸ்ட்ரியில் எத்தனை பட்டம் என்று பார்க்காதீர்கள். முதல் நாள் 2.303 எங்கேருந்து வந்தது என்று நீங்களே கேளுங்கள். பேப்பரை எடுத்து வரைய ஆரம்பிப்பவரிடம் ஃபீஸைக் கட்டுங்கள். "கான்ஸ்டன்ட்" என்று சொல்பவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். கணக்குப் பட்டதாரி ஒருவர் கிடைத்தாலும் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் இந்த பேப்பரில் எங்களைத் திணற வைத்தது பெரும்பாலும் கெமிஸ்ட்ரி இல்லை.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது முடியாமல் போன அந்தக் கடைசி யூனிட்டுக்காக. புது பேட்ச் ஜூனில், கல்லூரி திறந்த பிறகு. பாய் நீங்களே கொண்டுபோய்விட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.